கதவோரத்து ஆமை

பனியன் வேஸ்ட் துணியை நாலாக மடித்துக் கம்ப்யூட்டர் திரையின் இடது மேல்மூலையில் வைத்து, குறுக்கே இழுத்துக்கொண்டுபோய் வலது கீழ்மூலையில் முடிப்பார் சீனியம்மாள். ஒரே இழுப்பு. திரும்பத் தேய்க்க மாட்டார். பிறகு வேஸ்டை உதறி, தூசி படாத பக்கம் வெளியே தெரியும்படி மடித்து ஓவர்கோட் பைக்குள் வைத்துக்கொண்டு, "எந்திரிய்யா, விடிஞ்சிருச்சு" என்று சுவிட்சைப் போடுவார். திரையில் வெளிச்சம் வருவதற்குள் பக்கத்தில் இருக்கும் ஸ்டிக்கர் பிரிண்டரின் தலையில் ஒரு தட்டு. அந்தத் தட்டு விழாத அன்று முதல் ஸ்டிக்கர் கோணலாகத்தான் வரும் என்பது அவருடைய முடிவு. சரிபார்க்க அவர் யாருக்கும் வாய்ப்புக் கொடுத்ததில்லை.

பல்லடம் ரோட்டில் இருக்கும் அந்த ஏற்றுமதிக் கம்பெனியின் பேக்கிங் ஹாலில், அட்டைப்பெட்டி மேல் ஒட்டும் ஸ்டிக்கரை அடித்துத் தருவது அவர் வேலை. எந்த நாட்டுக் கடை, என்ன உடுப்பு, என்ன அளவு, எந்தத் துறைமுகம் என்பதெல்லாம் உள்ளங்கை அகலமுள்ள அந்தத் தாளில் இருக்கும். தையல் சரியாக இருந்து, மடிப்பு சரியாக இருந்து, ஸ்டிக்கர் மட்டும் மாறிப்போனால் பெட்டி ஏதோ ஒரு தேசத்தில் கேட்பாரற்று நிற்கும். சீனியம்மாள் கையில் அப்படி மாறிப்போனதே கிடையாது என்று ஹாலில் எல்லோரும் சொல்வார்கள்.

உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். கல்யாணமான புதிதில் கணவர் காசிமாயனோடு பஸ் ஏறி வந்தவர். கணவர் சாயப்பட்டறையில், இவர் பனியன் கம்பெனியில். திருப்பூருக்கு வந்து பிள்ளைகள் பெரியவர்களான பிறகும் பேச்சில் ஊர் போகவில்லை. சுற்றி இருப்பவர்கள் எல்லாம் "வாங்க, ஏனுங்க, செரீங்க" என்று பூப்போல இழுக்கிற ஹாலில் இவர் குரல் மட்டும், "எங்கிட்டுய்யா போற? இங்கன வந்து இந்த மூலையப் பிடி" என்று தனியாகக் கேட்கும். டேப் துண்டுகளைக் கிழித்து இடது முன்கையில் வரிசையாக ஒட்டி வைத்துக்கொள்வார். சில நாள் அதோடே பஸ் ஏறிப் போய்விடுவார். வாங்கும் கம்பெனிகளின் பெயர் எதுவும் அவர் வாயில் நுழையாது. ஸ்டிக்கரின் ஓரத்தில் ஆமைப் படம் போட்டிருந்தால் அவன் ஆமைக்காரன். குடை போட்டிருந்தால் குடைக்காரன். படமே இல்லாமல் இரண்டு கோடு போட்டவன் கஞ்சன்.

கண் அபாரம். கைக்கெட்டாத தூரத்தில் கிடக்கும் டீ-ஷர்ட்டில் ஒரு தையல் விட்டிருந்தாலும், "அந்தா, அக்குள்ல பாரு" என்பார். ஆனால் மேனேஜர் மகுடேஸ்வரன் மெயிலைப் பிரிண்ட் எடுத்து நீட்டினால் மட்டும், "படிச்சுச் சொல்லிருங்க சார், கண்ணாடி வீட்டுல கெடக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். மகுடேஸ்வரன் நல்ல மனிதர். கம்பெனியில் கண் பரிசோதனை முகாம் போட்டபோது சீனியம்மாளைத்தான் வரிசையில் முதல் ஆளாகக் கொண்டுபோய் நிறுத்தினார். டாக்டர் இரண்டு கண்ணையும் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார். "அவரு தூரத்துப் பார்வையத்தான் பாத்தாரு சார்" என்று சமாளித்தார் சீனியம்மாள். அதன் பிறகும் மாதத்துக்கு ஒரு தடவையாவது, "கண்ணாடி ஒண்ணு இங்கயே வாங்கி வெச்சுக்கலாமில்லீங்க" என்று மகுடேஸ்வரன் கேட்காமல் இருந்ததில்லை.

ஸ்டிக்கர் மேசைக்கு அவர் வந்தது எதிர்பாராமல் நடந்தது. அதற்கு முன் அங்கே உட்கார்ந்திருந்த வர்ஷினி என்ற பெண் கல்யாணமாகிக் காங்கேயம் போனபோது, பேக்கிங்கில் சுறுசுறுப்பானவர் என்று இவரைக் கைகாட்டிவிட்டுப் போனாள். போகும்முன் ஒரு வாரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். இந்தப் படத்தை ரெண்டு தட்டு தட்டணும், இங்கே எண்ணிக்கை போடணும், இதை அமுக்கணும். இவ்வளவுதான். ஸ்டிக்கர் எல்லாமே ஒரே மென்பொருளில் செய்தவை. அதனால் திரையில் இருந்த ஐகான்கள் அத்தனையும் ஒரே அச்சு. அடியில் இருக்கும் ஆங்கிலப் பெயரை வைத்துத்தான் எது எதுவென்று பிரிக்க முடியும்.

சீனியம்மாள் எட்டாவது வரை தமிழில் படித்தவர். உடுப்பின் அளவைச் சொல்லும் நாலைந்து எழுத்துகளைத் தவிர ஆங்கிலத்தில் எதுவும் வாசிக்க வராது. அதை வர்ஷினியிடம் அவர் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

வர்ஷினி போன சில நாளில் மவுஸ் கைதவறி ஓர் ஐகான் இடம் மாறிவிட்டது. கெட்டுப்போயிற்று என்று நினைத்து மெதுவாக இழுத்துப் பார்த்தார். வந்தது. "அட, நகருது!" என்று தனியாகவே சிரித்துக்கொண்டார். அன்று தொடங்கிய வேலை மாதக்கணக்கில் நடந்தது. பேக்கிங் ஹாலையே திரையில் கொண்டுவந்துவிட்டார். ஹாலில் லாரி வந்து நிற்கும் ஷட்டர் கதவு வலது பக்கம். ஜன்னல் இடது பக்கம். குடைக்காரன் பெட்டிகள் ஜன்னலை ஒட்டி அடுக்குவார்கள் என்றால், திரையிலும் குடைக்காரனின் ஐகான் இடது ஓரம். கஞ்சன் சரக்குத் தூணுக்குப் பக்கத்தில் என்றால் திரையிலும் நட்டநடுவே. ஆமைக்காரனுக்கு இரண்டு ஊர். வாராவாரம் போகிற சரக்குக் கதவோரம். மாதக் கடைசியில் போவது ஜன்னலோரம். ஸ்டிக்கரில் வித்தியாசம் ஒரே ஓர் ஊர்ப்பெயர்தான். ஆனால் சீனியம்மாளுக்கு அவை கதவோரத்து ஆமை, ஜன்னல் ஆமை. இரண்டும் கனவில்கூட மாறாது.

பின்னணிப் படத்தை எடுத்துவிட்டுக் கரும்பச்சை நிறம் வைக்கச் சொன்னார். ஐகான்களைப் பெரிதாக்கச் சொன்னார். அவருடைய விரல் இரண்டாவது தட்டுக்குச் சற்று யோசித்துத்தான் இறங்கும் என்பதால், மவுஸில் இரட்டைத் தட்டின் வேகத்தையும் யாரோ குறைத்துக் கொடுத்திருந்தார்கள். அந்த மேசையில் பல வருஷம் எந்தப் பிழையும் இல்லாமல் ஓடியது.

பழைய விண்டோஸுக்கு இனிப் பாதுகாப்பு கிடைக்காது, எல்லா கம்ப்யூட்டரையும் மாற்றியாக வேண்டும் என்று மெயில் வந்தது. அந்த மெயிலையும் மகுடேஸ்வரன்தான் வாசித்துக் காட்டினார். "உங்குளுக்கு ஒண்ணும் வேலை இல்லீங்க. சர்வீஸ்காரத் தம்பி ஞாயித்துக்கிழமை வந்து உங்க கம்ப்யூட்டரைப் பண்ணீட்டுப் போயிருவாப்ல." சீனியம்மாளும், "சரி சார்" என்றார்.

திங்கள்கிழமை காலை துடைத்து, சுவிட்சைப் போட்டு, பிரிண்டர் தலையில் தட்டிவிட்டு நிமிர்ந்தவர் அப்படியே நின்றார். நீலத் துணியை யாரோ சுருட்டிக் கசக்கிப் போட்டதுபோல ஒரு படம். அதன் மேல் கடுகு கடுகாக ஐகான்கள், மேலிருந்து கீழே, ஒன்றன்கீழ் ஒன்றாக, இடது ஓரத்தில் மூன்று வரிசையில் ஒடுங்கிக் கிடந்தன. வலது பக்கம் முழுவதும் காலி. கதவோரத்தில் யாருமே இல்லை.

"மடிக்கத் தெரியாத பய எவனோ செஞ்சிருக்கான்" என்று முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஓர் ஐகானை வழக்கம்போல ரெண்டு தட்டு தட்டினார். திறக்கவில்லை, அதன் பெயர் நீலமாகி, எழுது எழுது என்பதுபோல ஒரு கோடு துடித்தது. பெயரையே அழித்துவிடுவோமோ என்று பயந்து கையை எடுத்துக்கொண்டார். வெளியே லாரி பின்னால் வந்து நிற்கும் பீப் சத்தம் கேட்டது. இன்று கதவோரத்து ஆமை போகிற நாள். ஸ்டிக்கர் ஒட்டும் சுக்தேவ், பீகார்க்காரன், முப்பது வயதிருக்கும், வெறுங்கையோடு வந்து நின்றான்.

"அக்கா, ஸ்டிக்கர்?"

"வாரேன்யா, இரு. அவசரப்படுத்தாத."

யாரையாவது கூப்பிட்டு வாசிக்கச் சொல்லியிருக்கலாம். அக்கவுண்ட்ஸ் ரூமில் படித்த பெண்கள் இருந்தார்கள். இத்தனை வருஷம் மூடி வைத்ததை ஒரு லாரிக்காகத் திறக்க மனம் வரவில்லை. விரலை வேகமாக்கி, தட்டித் தட்டி, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். குடை வந்தது, மூடினார். கோடு வந்தது, மூடினார். ஓர் ஆமை வந்தது. இன்னும் கொஞ்சம் தேடியதில் இரண்டாவது ஆமையும் வந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பெயர் இரண்டும் ஒரே நீளம். பழைய திரையில் கதவோரத்து ஆமைதான் மேலே இருக்கும். இங்கேயும் மேலே இருப்பது அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எண்ணிக்கையைப் போட்டு அமுக்கினார். பிரிண்டர் ஓடத் தொடங்கிய பிறகும் அந்த ஐகானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதிப் பெட்டிகள் லாரிக்குள் ஏறியபோது மகுடேஸ்வரன் ஷட்டர் பக்கம் வந்தார். ஒரு பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுக் குனிந்தார். அடுத்த பெட்டியைப் பார்த்தார். அதற்கடுத்ததையும்.

"நிறுத்துங்கப்பா! இது மாசக் கடைசீல போற ஊரல்லோ? இன்னைக்கு ஆரு இதை ஒட்டச் சொன்னது?"

மகுடேஸ்வரன் சுக்தேவைப் பார்த்தார். அவன் கையில் மிச்ச ஸ்டிக்கர்கள் இருந்தன.

"ஏம்ப்பா, எந்தக் கட்டு எங்கிருந்து எடுத்தே? பழசை எடுத்து ஒட்டீட்டியா? கண்ணு தெரியுதா இல்லியா உனக்கு?"

"நஹி சார்... அக்கா..." என்று தொடங்கிய சுக்தேவ் சீனியம்மாள் முகத்தைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

"காண்ட்ராக்டரை வரச் சொல்றேன். இந்த ஆளை இங்கிருந்து மாத்தியுட்டாத்தான் செரியாகும்."

அவன் குனிந்த தலையைத்தான் சீனியம்மாளால் தாங்க முடியவில்லை. மேசையைவிட்டு எழுந்து வந்தார்.

"அவன் ஒட்டுனது சரிதான் சார். நான் அடிச்சுக் குடுத்ததுதான் தப்பு."

மகுடேஸ்வரனுக்கு நம்பிக்கை வரவில்லை. "நீங்களா? அதுக்குத்தானுங்க சொல்றது, கண்ணாடியக் கையோட கொண்டாங்கன்னு."

"கண்ணாடி கெடையாது சார்."

"மறுக்காவும் ஊட்லயே உட்டுட்டு வந்துட்டீங்களா?"

"எனக்குக் கண்ணாடியே கெடையாது சார்." சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். "கண்ணெல்லாம் நல்லாத்தான் தெரியுது. எனக்கு இங்கிலீசு வாசிக்க வராது. அம்புட்டுத்தான்."

மகுடேஸ்வரன் பக்கத்தில் இருந்த பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெட்டி சற்று அமுங்கியது. சாதாரண நாளாக இருந்தால், பெட்டிமேல் யார் உட்கார்ந்தாலும் சீனியம்மாள் விடமாட்டார்.

"அப்ப இத்தனை வருசமா எப்படீங்க?"

சீனியம்மாள் அவரைக் கூட்டிக்கொண்டு போய்த் திரையைக் காட்டினார். "இங்கன ஜன்னலு இருந்துச்சு. இது தூணு. இந்தா, இது கதவு. எல்லாப் பொட்டியும் அது அது எடத்துல இருந்துச்சு சார். இப்பப் பாருங்க, மழைக்கு ஒதுங்குன மாதிரி ஒரு மூலையில அண்டிக் கெடக்குதுக."

மகுடேஸ்வரன் ஹாலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடியும் ஹாலைப் பார்த்தார். அவரிடமிருந்து கோபம் வரும் என்று சீனியம்மாள் காத்திருந்தார். அவரோ போனை எடுத்துச் சர்வீஸ்காரப் பிரதீப்பைக் கூப்பிட்டார். "எங்கிருக்கே கண்ணு? அக்கவுண்ட்ஸ் ரூம்லயா? அப்படியே போட்டுட்டு இங்க ஓடியா."

பிரதீப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே வந்தான். விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போய் மவுஸைப் பிடித்தான். "ஃபைல் ஒண்ணுகூட போகலீங்க்கா. எல்லாம் காப்பி எடுத்துத்தான் வெச்சேன். எண்ணிப் பாருங்க, அத்தனையும் இருக்குதுங்க."

"இருக்குய்யா. யாரு இல்லங்கிறா? ஊர்ச்சனம் அம்புட்டும் இருக்கு, தெருவைத்தான் காணோம்."

"அந்த எடமெல்லாம் அதுல பதிவாகி இருக்குமுங்க்கா. பழசைச் சுத்தமாத் தொடச்சுட்டுப் புதுசா ஏத்துனதுல போயிருச்சு" என்று பிரதீப் மெல்லச் சொன்னான். "எது எங்க இருந்துச்சுன்னு தெரிஞ்சா நொடியில வெச்சுத் தந்தர்றனுங்க."

எது எங்கே என்று சீனியம்மாளுக்குத் தெரியும். இப்போது இருக்கும் ஐகான்களில் எது எது என்பதுதான் தெரியாது. பிரதீப்புக்குப் பெயர் தெரியும், இடம் தெரியாது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அடுக்கினால் பொழுது சாய்ந்துவிடும். அப்போது மகுடேஸ்வரனுக்குத்தான் ஆயுத பூஜை ஞாபகம் வந்தது. போனைத் தடவித் தடவிக் கம்பெனி குரூப்பில் வந்த படத்தைக் கண்டுபிடித்தார். கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, அதன் முன்னால் எல்லோரும் நிற்கும் படம். பெரிதாக்கினால் கரும்பச்சைத் திரை தெரிந்தது; எழுத்துகூடத் தெரிந்தது. ஆனால் கதவோரம் முழுவதையும் மகுடேஸ்வரனின் தோள் மறைத்திருந்தது.

"செத்த தள்ளி நின்னுருக்கக் கூடாதா சார்?" என்று சீனியம்மாள் கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்டோம் என்று உறைத்தது.

"நின்னிருக்கலாமுங்க" என்றார் மகுடேஸ்வரன், மெய்யாகவே வருத்தப்பட்டு.

பின்னால் நின்ற சுக்தேவ் தயங்கித் தயங்கித் தன் போனை நீட்டினான். "சார், வீடியோ ஹை. காவ்... வீட்டுக்கு அனுப்பினது." ஊரில் இருக்கும் மனைவிக்குக் காட்ட அன்று ஹால் முழுவதையும் சுற்றி எடுத்திருந்தான். தோரணம், பொரி, பூசணிக்காய், சந்தனம் பூசிய பிரிண்டர் எல்லாம் ஓடின. ஒரு கணம் திரை வந்து போனது. பிரதீப் அந்த இடத்தில் நிறுத்தினான். மாலைக்கும் சந்தனப் பொட்டுக்கும் நடுவே வலது பக்கம் முழுவதும் இருந்தது.

"அந்தா!" என்றார் சீனியம்மாள். "கதவு!"

அதன்பின் பிரதீப் பெயரை வாசிக்க, இவர் இடம் சொன்னார். "ஜன்னலுக்குக் கீழ... இன்னும் கீழய்யா... சுவத்தோட ஒட்டிராத, ஆளு நடக்கணும்ல." சற்று நேரத்தில் சொல்லிக்கொண்டிருக்கப் பொறுமையில்லாமல் மவுஸை வாங்கிக்கொண்டு தானே நகர்த்தத் தொடங்கினார். சந்தனம் மறைத்த ஒன்றை மட்டும் திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். பிரதீப் அவருடைய விரலைக் கவனித்தான். முதல் தட்டு, ஒரு யோசனை, இரண்டாவது தட்டு. மவுஸில் இரட்டைத் தட்டின் வேகத்தைக் குறைத்தான். ஐகான்களைப் பெரிதாக்கினான். கசங்கிய நீலத் துணியை எடுத்துவிட்டுக் கரும்பச்சை போட்டான். ஐகான்கள் தாமாக வரிசையில் போய் நின்றுகொள்ளும் ஏற்பாட்டையும் நிறுத்தினான்.

"அடியில கெடக்கிற அந்தப் பட்டை முன்னாடி இடது பக்கமா நிக்கும்யா, செங்குத்தா. அது எங்க?"

"அதை மட்டும் இதுல நகத்த முடியாதுங்க்கா. புதுசுல அடியிலதான் வெச்சிருக்கான்."

"கேட்டுப் பாரேன்."

"ஆரைங்க கேக்கறது?"

சீனியம்மாள் யோசித்தார். "சரி, கெடக்கட்டும். தரைன்னு நெனச்சுக்கிறேன்."

சரியான ஸ்டிக்கரை அடித்தார்கள். பழையதை உரித்தால் அட்டை கிழியும் என்பதால் அதன் மேலேயே ஓரம் பிசகாமல் ஒட்டினான் சுக்தேவ். சீனியம்மாளும் கூட நின்று ஒட்டினார். லாரிக்குள் ஏறிய பெட்டிகளை இறக்கி மறுபடி ஏற்றினார்கள். மகுடேஸ்வரன் லாரி டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்து நிறுத்தி வைத்திருந்தார். சுக்தேவின் தோளில் கை வைத்து ஏதோ சொன்னார். தமிழும் இந்தியும் இல்லாத ஒரு மொழியில் இருந்தது, அவன் சிரித்தான். மதியச் சாப்பாட்டு மணி அடித்து, எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பியது. காண்ட்ராக்டரை யாரும் கூப்பிடவில்லை.

பிரதீப் போகும்முன் ஐகான்களின் பெயரைத் தமிழில் மாற்றித் தருவதாகச் சொன்னான். சீனியம்மாள் சொல்லச் சொல்ல அடித்தான். கதவோரத்து ஆமை. ஜன்னல் ஆமை. குடைக்காரன். கஞ்சன் என்று சொன்னபோது மட்டும் விரல் நின்றது. பின்னால் நின்ற மகுடேஸ்வரனைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்படியே போடு கண்ணு. உண்மையத்தானே சொல்றாங்க" என்றார் மகுடேஸ்வரன். பிறகு, கேட்பதா வேண்டாமா என்பதுபோல நின்றுவிட்டுக் கேட்டார். "ஏனுங்க சீனியம்மா, என்ற கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொன்னா மேசைய வாங்கிக்கிருவீகளோன்னு பயந்தேன் சார்."

வாங்கியிருக்க மாட்டேன் என்று சட்டெனச் சொல்ல மகுடேஸ்வரனுக்கே உறுதியில்லையோ என்னவோ. அந்த வாரம் வந்த மெயில்களை எல்லாம் அவரே எடுத்துக்கொண்டு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தமிழில் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தத் திங்கள்கிழமை சாயங்காலம் பிரதீப் பையை எடுத்து மாட்டினான். "அப்ப வர்றனுங்க்கா. அடுத்தது ஸ்டோர் கம்ப்யூட்டருங்க."

ஸ்டோர் என்றால் நூல், பட்டன், லேபிள் எல்லாம் அடுக்கி வைத்திருக்கும் பின்பக்க அறை. அதன் பொறுப்பாளர் அங்கமுத்து, ரிட்டயர் ஆகிற வயது, யாரோடும் அதிகம் பேசாதவர். சீனியம்மாள் சட்டென்று எழுந்தார்.

"இருய்யா. இப்ப வராத. நான் சொன்ன பெறகு வா."

போனை எடுத்துக்கொண்டு, செருப்பைக்கூடப் போடாமல், பெட்டிகளுக்கு இடையில் வேகமாக நடந்து ஸ்டோருக்குள் போனார். அங்கமுத்து திரைக்கு முன்னால் பட்டன் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அங்கிட்டுத் தள்ளி உக்காருங்க."

"என்னுங்க சீனியம்மா? என்னைய எதுக்குங்க போட்டோ எடுக்கறீங்க?" என்று கேட்டுக்கொண்டே அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"உங்கள யாருண்ணே எடுத்தா? தோளை எடுங்க, மறைக்குது."

அங்கமுத்து ஒன்றும் புரியாமல் நாற்காலியோடு நகர்ந்தார். சீனியம்மாள் இரண்டு கையாலும் போனைப் பிடித்து, திரையின் நாலு மூலையும் உள்ளே வரும்வரை ஓரோர் அடியாகப் பின்னால் போனார். முதுகு நூல் ரேக்கில் முட்டியது. அங்கேயே நின்று, மூச்சை அடக்கிக்கொண்டு, பெருவிரலால் மெதுவாக அமுக்கினார்.